காலி இருக்கைக்கு ஒரு மறுப்பு

அன்று காலை டியூஷன் சார் போட்ட டீ நன்றாக இருந்தது. அறிவியல் டீச்சருக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் கணவர் போடும் டீ ஒன்று கஷாயமாக இருக்கும், இல்லையென்றால் வெறும் சுடுதண்ணீர். நல்ல டீ போட்டு நீட்டுகிறார் என்றால் மனுஷன் எதையோ செய்து வைத்துவிட்டுச் சமாதானக் கொடி காட்டுகிறார் என்று அர்த்தம்.

ஆனால் அவளுக்கு அதையெல்லாம் யோசிக்க நேரம் ஏது? கால் தரையில் பாவவில்லை. ஒரு வாரமாகவே அப்படித்தான்.

விஷயம் இதுதான். அடுத்த ஆண்டு நாடு முழுவதும் புதிய பாடத்திட்டம் வரப்போகிறது. அதற்கு முன்னால் சில பள்ளிகளைப் பொறுக்கி, ஏழாம் வகுப்பில் மட்டும் சோதனையாக நடத்திப் பார்க்கிறார்கள். அவள் பள்ளியும் அதில் ஒன்று. தலைநகரத்துப் பாடத்திட்டக் குழுவிலிருந்து ஒரு பார்வையாளர் வருவார். ஒரே ஒரு பீரியட் உட்கார்ந்து பார்ப்பார். சரி என்றால் சோதனை தொடரும். இல்லை என்றால் அன்று மாலையே அந்த வாய்ப்பு வேறொரு பள்ளிக்குப் போய்விடும். ஏழாம் வகுப்பு மறுபடி பழைய புத்தகத்தைத் திறக்கும். டீச்சர் மறுபடி 'எழுதிக்கோ' என்று ஆரம்பிக்க வேண்டும்.

அந்த ஒரு வார்த்தை அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எழுதிக்கோ, கேள்வி. எழுதிக்கோ, பதில். அடியில் ஒரு கோடு. அடுத்த கேள்வி. பயிற்சி வகுப்பில் புதிய பாடத்தைக் காட்டியபோதுதான், பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் தனக்கு அறிவியல் எதனால் பிடித்தது என்பதே அவளுக்கு ஞாபகம் வந்தது. இந்தப் பாடத்தில் ஆசிரியர் பதில் சொல்லக் கூடாது. பிள்ளைகள் கேட்க வேண்டும். பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசி, மறுத்து, செய்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

வீட்டில் சமையலறை நிலைப்படியில் ஒரு நூலைக் கட்டி, அதில் அலமாரிச் சாவியைத் தொங்கவிட்டு ஆட்டி ஆட்டி ஒத்திகை பார்த்தாள். ஏழாம் வகுப்பு மாணவனாக நடித்தது டியூஷன் சார்தான். பாவம், நன்றாகவே நடித்தார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார். எடையைக் கூட்டினால் என்ன ஆகும், நூலை நீட்டினால் என்ன ஆகும் என்று பிள்ளைகள் என்னவெல்லாம் கேட்கலாம் என்பதை அவளே உற்சாகத்தில் அவரிடம் கொட்டித் தீர்த்தாள்.

"போய் ஜமாய்ச்சிட்டு வா," என்றார் அவர், டம்ளரை வாங்கிக்கொண்டே. "பசங்க கைவிட மாட்டாங்க."

எந்தப் பசங்க, ஏன் கைவிட மாட்டார்கள் என்று கேட்காமல் அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பள்ளியில் தலைமை ஆசிரியர் வாசலிலேயே வந்து நின்றார். ஆசிரியர்கள் ஓய்வறையில் அவருக்குப் 'பரபரப்பு' என்று பெயர். சாதாரண நாளிலேயே நடக்கிற வழியெல்லாம் ஏதாவது ஒன்றைத் தட்டிவிட்டுப் போகிறவர். அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். வராந்தா கழுவி விட்டிருந்தது. முன் பெஞ்சில் நகம் வெட்டிய பிள்ளைகளாகப் பொறுக்கி உட்கார வைத்திருந்தார். அவளைத் தனியே இழுத்து, ரகசியம் பேசுகிறவர்போல் ஒரு யோசனை சொன்னார். அந்த யோசனை அவளுக்குப் புதிதல்ல. அந்தப் பள்ளியில் எந்த அதிகாரி வந்தாலும் அதுதான் வழக்கம். கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கை. தெரியாதவன் இடது கை. டீச்சர் வலது கைகளில் ஒன்றாகப் பார்த்து எழுப்பிவிட்டால் போதும், கௌரவம் காப்பாற்றப்படும்.

"சார், இந்தப் பாடத்துல தெரியாதவன்தான் முதல்ல கை தூக்கணும்," என்றாள் அவள்.

பரபரப்பு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வெயிலில் அலைந்து வந்தவளுக்குத் தலைக்கு ஏறிவிட்டதோ என்கிற பார்வை.

அதற்குள் பார்வையாளர் வந்துவிட்டார். எல்லோரும் எதிர்பார்த்தது கோப்புகளைச் சுமக்க ஆளோடு வருகிற ஒரு பெரிய மனுஷியை. வந்தது குச்சி போல ஒரு அம்மாள், காலில் கேன்வாஸ் ஷூ, தோளில் ஒரு துணிப்பை. பரபரப்பு போட்டு வைத்திருந்த மெத்தை நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே கடைசி பெஞ்சுக்குப் போய், அங்கே கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த ஒரு பையனை நகர்ந்துகொள்ளச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். அந்தப் பையனுக்கு வகுப்பில் 'தூங்கி' என்று பெயர். தூங்கி அன்றைக்குத் தூங்க வழியில்லாமல் போனது.

பார்வையாளர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வகுப்பில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சின்னச் சின்ன வட்டங்களாகப் போட்டார். யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார்களோ, அந்த வட்டத்திலிருந்து இந்த வட்டத்துக்கு ஒரு அம்புக்குறி. அவ்வளவுதான் அவர் வேலை. பழைய வகுப்பென்றால் எல்லா அம்பும் டீச்சரை நோக்கியே வரும். புதிய வகுப்பில் பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நடுவே அம்பு பறக்க வேண்டும்.

டீச்சர் மேசைமேல் ஒரு தாங்கியை வைத்து, நூலில் சாவியைத் தொங்கவிட்டாள். மெல்ல இழுத்து விட்டாள். சாவி இப்படியும் அப்படியும் ஆடியது.

"இதைப் பாத்தா என்ன தோணுது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பயிற்சியில் சொல்லித் தந்தபடி நாற்காலியில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டாள். முதல் கேள்வி வர வெகு நேரம் ஆகும், நடுவில் பேசிவிடாதீர்கள், நாக்கைக் கடித்துக்கொண்டாவது பொறுத்திருங்கள் என்று எச்சரித்திருந்தார்கள்.

நாக்கைக் கடிக்க அவசியமே வரவில்லை. முதல் பெஞ்சில் 'வானொலி' எழுந்தாள். நிறுத்தாமல் பேசுகிறவள் என்பதால் அந்தப் பெயர். ஆனால் வழக்கமாக அவள் பேசுவது, 'டீச்சர், இவன் என் ரப்பரை எடுத்துட்டான்' என்கிற ரகம்.

"டீச்சர், தொங்கும் பொருளின் எடையைக் கூட்டினால் அது ஆடும் நேரம் மாறுமா என்பதை நான் அறிய விரும்புகிறேன்."

டீச்சருக்குப் புல்லரித்தது. என்ன கேள்வி, என்ன கேள்வி! ஜன்னலுக்கு வெளியே பரபரப்பின் முகம் பௌர்ணமி போல மலர்ந்தது.

வானொலி உட்கார, பக்கத்துப் பையன் எழுந்தான். "நூலின் நீளமும் ஒரு காரணமாக இருக்கலாம் அல்லவா?"

அவன் உட்கார, அடுத்தவள் எழுந்தாள். "நாம் எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும் தோழர்களே."

தோழர்களே? டீச்சரின் புல்லரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. இந்தப் பெண் நேற்றுவரை யாரையும் 'டேய்' என்பதைத் தவிர வேறெப்படியும் அழைத்ததில்லை. கேள்விகள் பெஞ்ச் பெஞ்சாக, வரிசை பிசகாமல் வந்துகொண்டிருந்தன, டிக்கெட் வாங்குகிற கூட்டம்போல. ஒருவன் உட்கார்ந்தால்தான் அடுத்தவன் எழுந்தான். வகுப்பே அச்சடித்த தமிழில் பேசியது.

மூன்றாவது பெஞ்சின் ஓரத்து இடம் காலியாக இருந்தது. 'ஊசி' என்கிற ஒல்லிப் பையனுக்குக் காய்ச்சல், வரவில்லை. அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்தில் இருந்த சிறுமி எழுந்தாள். ஒரு கணம் தயங்கினாள். முன்னால் வர வேண்டிய ஒரு வாக்கியம் வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் தன் பங்கைக் கோட்டைவிடுகிற ஆள் அவள் இல்லை. காலி இருக்கையின் பக்கம் முழுசாகத் திரும்பி, கையை நீட்டி, கணீரென்று சொன்னாள்:

"நண்பா, உன் கருத்தை நான் மறுக்கிறேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க யாருக்கு நேரம்? பின்னால் இருந்தவன் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தான். அவன் எழுந்து அந்தச் சிறுமியையும் அந்தக் காலி இருக்கையையும் மாறி மாறிப் பார்த்து, "நீங்கள் இருவரும் சொல்வதில் உண்மை உள்ளது. சோதித்துப் பார்ப்போம், வாருங்கள்," என்றான்.

சோதித்துப் பார்ப்போம், வாருங்கள். டீச்சருக்கு முதுகில் ஐஸ் வைத்ததுபோல இருந்தது. அது அவளுடைய வாக்கியம். சமையலறை நிலைப்படியில் நின்று அவள் சொன்ன வாக்கியம்.

எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் பயிற்சிக்காக நாள் முழுக்க வெளியே போயிருந்தாள். ஏழாம் வகுப்பில் பாதிக்கு மேல் அவள் கணவரிடம் டியூஷனுக்கு வருகிறவர்கள். மீதிப் பேரையும் 'ஸ்பெஷல் கிளாஸ்' என்று கூப்பிட்டு, முன்னறை பெஞ்சில் உட்கார வைத்து, யோசித்துக் கேட்க வேண்டிய கேள்வியையெல்லாம் மனப்பாடம் பண்ண வைத்திருக்கிறார் அந்த மகானுபாவர். பதிலை நெட்டுருப் போட வைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறோம். சந்தேகத்தை நெட்டுருப் போட வைத்த ஒரே ஆள் தன் வீட்டில்தான் இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

பிள்ளைகள் குழுவாகப் பிரிந்து, குழுவுக்கு ஒன்றாக அவள் கொண்டுவந்திருந்த சாவிகளை ஆட்டத் தொடங்கினார்கள். அதுவும் ஒத்திகைப்படி. ஒருத்தன் நூலைக் கட்டுவதற்கு முன்பே முடிவைப் பலகையில் எழுதிவிட்டான்.

"டீச்சர், கொஞ்சம் இப்படி வரீங்களா?" பார்வையாளர்தான்.

டீச்சர் கடைசி பெஞ்சுக்குப் போனாள். பரபரப்பும் எதையோ மோப்பம் பிடித்துப் பின்னாலேயே வந்தார். தாளில் அம்புக்குறிகள் கோடு போட்டதுபோல நேராக, பெஞ்ச் பெஞ்சாக ஓடியிருந்தன. நடுவில் ஒரு அம்பு மட்டும், வட்டம் போடாத ஒரு வெற்றிடத்தைக் குத்திக்கொண்டு நின்றது.

"இந்த அம்பு யார்கிட்ட போகுது?" என்று கேட்டார் பார்வையாளர். குரலில் கிண்டல் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பரபரப்பு முந்திக்கொண்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ரொம்ப முன்னேறிவிட்டார்கள், வராத மாணவனின் கருத்தையும் மதிக்கிறார்கள் என்று ஏதோ உளறினார். டீச்சர் நினைத்திருந்தால் அந்தப் படகிலேயே ஏறியிருக்கலாம். ஆர்வக் கோளாறு மேடம் என்று சமாளித்திருக்கலாம். அவள் ஏறவில்லை. வகுப்பில் ஒருத்தர் வாய் தவறினாலும் குட்டு உடைந்துவிடும் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. இப்படிப் பொய் சொல்லிக் காப்பாற்றினால், காப்பாற்றப்படுவது அந்தப் பாடத்திட்டமாக இருக்காது. அதே பழைய நாடகத்துக்கு நூலில் கட்டிய சாவி ஒன்று கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

"ஒத்திகை பாத்துட்டு வந்திருக்காங்க மேடம்," என்றாள். "எனக்கு இப்பதான் தெரியும். சொல்லிக் குடுத்தவர் என் வீட்டுக்காரர்."

பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சாவிகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

வானொலியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "டீச்சர், உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சார் சொன்னாரு. நாங்க சொல்லவே இல்ல, நீங்களாதான் கண்டுபிடிச்சீங்க."

பரபரப்பு சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் மனதில் சோதனைப் பள்ளி என்கிற பலகை வாசலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

பார்வையாளர் தாளைத் திருப்பினார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. அங்கே மறுபடி வட்டங்களைப் போட ஆரம்பித்தார்.

"பீரியட்ல இன்னும் பாதி மிச்சம் இருக்கு. நான் ஒரு பாடம் பாக்கணும்னு வந்தேன். இன்னும் பாக்கல."

அவ்வளவுதான். கத்தி தலைக்கு மேலே தொங்கியபடியே இருந்தது, ஆனால் இன்னும் விழவில்லை.

டீச்சர் விறுவிறுவென்று முன்னால் போனாள். தாங்கியையும் நூலையும் எடுத்து ஓரமாக வைத்தாள். பலகையைத் துடைத்தாள். சார் சொல்லித் தராத ஒரு கேள்வி, எதைப் பற்றி வேண்டுமானாலும், யார் வேண்டுமானாலும் கேளுங்கள் என்றாள்.

இப்போது வந்தது அந்த மௌனம். பயிற்சியில் எச்சரித்த மௌனம் இதுதான். ஆனால் இவ்வளவு கனமாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் மேசையைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வானொலி வாயைத் திறந்தாள், மூடினாள். வானொலியே ஊமையாகிப் போனால் வேறு யார் பேசுவார்கள்? பார்வையாளரின் தாளில் ஒரு அம்புகூட விழவில்லை.

அப்போதுதான் அது கத்தியது.

வகுப்புக்கு வெளியே கை கழுவும் இடத்தில் குழாய்கள் ஒரு வரிசையாக இருக்கும். வேறு வகுப்புப் பிள்ளை யாரோ வந்து ஒரு குழாயைத் திறந்திருக்க வேண்டும். ஊளையா, அலறலா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். நாள் முழுக்க நாலைந்து தரம் அது அப்படிக் கத்தும். பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். தூங்கி அதேபோல ஊளையிட்டுக் காட்டினான். வெளியே போய்த் திறந்தவனைத் திட்டுவதற்காகப் பரபரப்பு சுவரைவிட்டு நகர்ந்தார்.

டீச்சர் பழக்கதோஷத்தில் கதவைச் சாத்தப் போனாள். இந்தச் சத்தம் வந்தால் கதவைச் சாத்திவிட்டு 'இங்க கவனி' என்பதுதான் அவள் வழக்கம். கை கதவில் இருக்கும்போதே அவளுக்கு உறைத்தது. தினமும் கேட்கிற சத்தம். பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த சத்தம். ஆனால் அது ஏன் வருகிறது?

"அது ஏன் கத்துது?" என்று கேட்டாள்.

பிள்ளைகள் காத்திருந்தார்கள். டீச்சர் கேள்வி கேட்டால் பின்னாலேயே பதிலும் அவளிடமிருந்தே வரும் என்பது அவர்கள் அனுபவம்.

"பதில் என்ன டீச்சர்?" என்றாள் வானொலி.

"எனக்குத் தெரியாது."

அந்த வகுப்பறையில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. காது மடல் சூடானது. பரபரப்பு வாசலிலேயே உறைந்து நின்றார். அதிகாரி முன்னால் ஒரு டீச்சர் தெரியாது என்று சொல்லலாமா?

"நிஜமாவே தெரியாதா?" தூங்கிதான் கேட்டான். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். "இல்ல எங்களை டெஸ்ட் பண்றீங்களா?"

"நிஜமாவே தெரியாதுடா. புத்தகத்துலயும் கிடையாது."

அணை உடைந்தது என்பார்களே, அது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். உள்ளே காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது என்றான் ஒருவன். தொட்டி உயரத்தில் இருப்பதால்தான் என்றான் இன்னொருவன். பல்லி என்றாள் முன் பெஞ்சுப் பெண். போடீ, பல்லி இவ்வளவு சத்தமாவா கத்தும் என்றாள் காலி இருக்கையை மறுத்த சிறுமி, இந்தத் தடவை ஆள் இருக்கிற பக்கமாகத் திரும்பி. தோழர்களும் நண்பர்களும் எங்கே ஓடினார்கள் என்றே தெரியவில்லை. டேய், போடா, உளறாதே, நீ என்னத்தைக் கண்டே என்று வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. வரிசையில் எழுந்து பேச யாருக்கும் பொறுமை இல்லை.

"உள்ள உட்காந்து கத்தினா என்ன தெரியும்? போய்ப் பாக்கலாம்," என்றாள் டீச்சர். வகுப்பு மொத்தமும் வாசலில் முட்டிக்கொண்டு வெளியே பாய்ந்தது. பரபரப்பு அடித்துத் தள்ளப்பட்டார்.

குழாயை லேசாகத் திறந்தார்கள். சத்தமில்லை. இன்னும் கொஞ்சம் திறந்தார்கள். முனகல். பாதி திறந்ததும் பிடித்துக்கொண்டது பாருங்கள், ஊரைக் கூட்டுகிற அலறல். முழுக்கத் திறந்தார்கள். சட்டென்று நின்றுவிட்டது.

"முழுசா திறந்தா தண்ணி இன்னும் வேகமா வருது. அப்ப இன்னும் சத்தமாத்தானே கத்தணும்?" என்றான் ஒருவன். அந்தக் கேள்வியை யாரும் அவனுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

வானொலி மறுபடி பாதிக்குத் திருகிவிட்டுக் குழாயின் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள். அலறல் கம்மி முனகலானது. கையெல்லாம் அதிர்கிறது என்று கத்தினாள். ஆளுக்கு ஆள் பிடித்துப் பார்க்க முண்டினார்கள். உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர்தான் தளர்ந்துபோய் ஆடுகிறது, அதுதான் சத்தம் என்று வானொலி தீர்ப்பு எழுதிவிட்டாள். பாதி வகுப்பு அவள் கட்சி.

அப்போது தூங்கி, யாரும் கேட்காமலே, பக்கத்துக் குழாயைத் திறந்தான். இந்தக் குழாயின் அலறல் அப்படியே அறுந்தது. மூடினான். மறுபடி கத்தியது. திறந்தான். நின்றது.

"வாஷர்தான்னா, நான் அங்க திறந்தா இது ஏன் நிக்கணும்?" என்று கேட்டான். வானொலிக்கு முகம் விழுந்துவிட்டது. தண்ணீர் வந்து மோதுகிற வேகம்தான் காரணம் என்று தூங்கிக்கு ஒரு கட்சி சேர்ந்தது. இரண்டு கட்சியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாதாடின. எல்லோர் சட்டையும் நனைந்தது.

டீச்சர் பார்வையாளரைத் தேடினாள். அந்த அம்மாள் கூட்டத்தின் நடுவில், கேன்வாஸ் ஷூ தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்க, தாளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பென்சிலை ஓட்டினார். அம்புகள் சிக்கெடுக்காத தலைமுடிபோல் பின்னிப் பிணைந்து கிடந்தன. கொஞ்ச நேரத்தில் அவர் எழுதுவதையே விட்டுவிட்டார்.

"தொட்டி காலியாயிடும் டீச்சர்," என்று பரபரப்பு கையைப் பிசைந்தார். அவர் கவலையும் நியாயம்தான். ஆனால் யாரும் காதில் வாங்கவில்லை.

இந்தக் கூச்சல் தெருவரை கேட்டிருக்க வேண்டும். வாசலில் ஸ்கூட்டரை ரிப்பேர் பார்ப்பதுபோலக் காலையிலிருந்து பாவ்லா காட்டிக்கொண்டு நின்ற ஒரு ஆள் உள்ளே ஓடி வந்தார். டியூஷன் சார்தான். பாடம் சொதப்பிவிட்டது, பிள்ளைகள் கலாட்டா பண்ணுகிறார்கள் என்று நினைத்தே வந்திருக்கிறார். நனைந்த வகுப்பையும் மனைவியின் முகத்தையும் பார்த்ததும் வந்த வேகம் பாதியாகக் குறைந்தது.

"நீங்கதான் அந்த டியூஷன் சாரா?" என்றார் பார்வையாளர்.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பார்த்த பார்வையிலேயே எல்லாம் அம்பலமாகிவிட்டது என்பது புரிந்தது. தப்பிக்க வழியில்லாதபோது சிலருக்கு அசட்டுத் துணிச்சல் வரும். அவருக்கு வந்தது.

"ஆமா மேடம். ஒரு வாரமா இவ சரியா சாப்பிடல, தூங்கல. பசங்க வாயைத் திறக்காம உட்காந்துட்டா என்ன பண்றதுன்னு புலம்பிட்டே இருந்தா. எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி ஒப்பிக்க வைக்கறதுதான். வெச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "இன்னொண்ணும் சொல்லிடறேன். பாடம் புதுசு, சரி. பரீட்சை பழசுதானே? வருஷக் கடைசியில மார்க் குறைஞ்சா பெத்தவங்க வந்து நிக்கறது என் வாசல்ல. உங்க பையன் நல்லா கேள்வி கேக்கறான்னு சொல்லி அனுப்ப முடியுமா?"

டீச்சருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியிருந்தது. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி அவளையும் தொட்டது. பார்வையாளர் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"தெரியல சார்," என்றார் அவர். "பரீட்சையை எப்படி மாத்தறதுன்னு எங்க குழுவிலேயே இன்னும் அடிச்சுக்கிட்டிருக்கோம். நீங்க கேட்டதை அங்க போய்ச் சொல்றேன்."

தலைநகரத்து அதிகாரியும் தெரியாது என்று சொன்னதைக் கேட்டு டியூஷன் சாருக்குப் பிடிமானமே நழுவியது. அந்த நேரம் பார்த்து வானொலி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், சார், நீங்க சொல்லுங்க. இது ஏன் கத்துது? வாஷரா, தண்ணியா?"

"எழுதிக்கோ," என்று ஆரம்பித்தார் அவர், இத்தனை வருட வேகத்தில். அதோடு நின்றுவிட்டது. எழுதிக்கொள்ளச் சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவர் குழாயைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்து, தானே ஒரு தரம் திறந்து பார்த்தார். தண்ணீர் முகத்தில் அடித்தது. கழுத்தைப் பிடித்தார், விட்டார், காதை வைத்துக் கேட்டார். "இல்லடா, ரெண்டும் சேந்தா?" என்று அவர் இழுத்ததும் இரண்டு கட்சியும் அவர்மேல் பாய்ந்தன. யார் பக்கம் என்று முதலில் முடிவு பண்ணுங்க சார், நடுவுல நிக்கக் கூடாது என்று தூங்கி அதட்டினான். டியூஷன் சார் தண்ணீர்க் கட்சியில் சேர்ந்தார்.

வீட்டுக்குப் போய் இவரை ஒரு கை பார்க்க வேண்டும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். ஆனால் சிரிப்பும் வந்து தொலைத்தது.

பார்வையாளர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவர் வாய் அசைந்தது. தீர்ப்பு. அதே கணத்தில் குழாய் மறுபடி அலறியது. ஒரு எழுத்துகூட அவள் காதில் விழவில்லை.

"என்ன மேடம்?"

மறுபடி வாய் அசைந்தது. மறுபடி அலறல். டீச்சருக்கு உயிரே போனது. அதை மூடுங்கடா என்று கத்தினாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு எட்டில் பாய்ந்து அவளே குழாயைத் திருகி மூடினாள். என்ன டீச்சர் இப்படிக் கெடுத்துட்டீங்க, இப்பத்தானே பிடிச்சோம் என்று பிள்ளைகள் முணுமுணுத்தார்கள்.

"தொடர்ந்து நடத்துங்கன்னு சொன்னேன்," என்றார் பார்வையாளர், கிடைத்த அமைதியில். "முதல் பாதியையும் எழுதுவேன், ரெண்டாம் பாதியையும் எழுதுவேன். எங்க குழுவுக்கு ரெண்டும் தெரியணும். அப்புறம், திரும்பவும் வருவேன். எப்பன்னு சொல்ல மாட்டேன்."

பரபரப்பு நாற்காலியைத் தேடினார். கிடைக்காமல் ஈரத் திண்டிலேயே உட்கார்ந்துவிட்டார். டீச்சர் ஏதோ நன்றி சொல்ல வாயெடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததா, குழாய்த் தண்ணீர் தெறித்ததா என்று பார்க்கவும் அங்கே யாருக்கும் அவகாசமில்லை.

மணி அடித்தது. ஏழாம் வகுப்பு அசையவில்லை. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்து, எந்த இடத்தில் அலறல் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று வானொலியும் தூங்கியும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டுவிட்டார்கள். ஒரு குழாய்க்கு ஒரு ஆள் வேண்டும். கடைசிக் குழாய்க்கு மட்டும் ஆள் குறைந்தது.

"டீச்சர், சும்மாதானே நிக்கறீங்க," என்றான் தூங்கி. "வந்து இதைப் பிடிங்க."

டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்ப் பிடித்தாள்.